சாஹேல் செய்திகளைப் படிக்கத் தொடங்குபவருக்கு

2025 நவம்பரில் மேற்கு மாலியில், கோப்ரி என்ற ஊருக்கு அருகே, மின்மயமாக்கல் வேலைக்குப் போயிருந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் ஐந்து பேரை ஆயுதக்காரர்கள் கடத்திக்கொண்டு போனார்கள். அன்று எனக்கு வந்த முதல் கேள்வி, "மாலி என்றால் மாலத்தீவுதானே?" என்பது. மாலத்தீவின் தலைநகர் மாலே. இது மாலி, மேற்கு ஆப்பிரிக்காவில் சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் நாடு. அந்த ஓரப் பகுதிக்குத்தான் சாஹேல் என்று பெயர்.

இந்தப் பகுதியைப் பற்றிய செய்திகளை ஒழுங்காகப் பின்தொடர வேண்டும் என்று நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். அரசியல் அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு, ஒரு வரைபடம், மாதம் இரண்டு மணி நேரம் இருந்தால் போதும். இங்கே சொல்வதெல்லாம் 2025 இறுதி வரையிலான நிலவரம். இந்த ஊரில் நிலவரம் சீக்கிரம் மாறும், ஆனால் படிக்கும் முறை மாறாது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

நைஜர் வேறு, நைஜீரியா வேறு. நைஜரின் தலைநகர் நியாமே. நைஜீரியாவின் தலைநகர் அபுஜா. கினி, கினி-பிசாவ், ஈக்குவடோரியல் கினி என்று மூன்று தனித்தனி நாடுகள் உண்டு. நாம் கவனிக்கப் போவது முக்கியமாக மூன்று நாடுகளை: மாலி (தலைநகர் பமாக்கோ), புர்கினா பாசோ (ஊகடூகு), நைஜர். மூன்றும் 1960 வரை பிரான்சின் ஆட்சியில் இருந்தவை. மூன்றிலும் இப்போது ராணுவ ஆட்சி. மூன்றுக்கும் கடல் கிடையாது. கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப முக்கியம்.

அடுத்து, வரைபடத்தில் துறைமுகங்களைக் குறியுங்கள்

செய்தியைத் திறப்பதற்கு முன் வரைபடத்தை எடுத்து, டாக்கர் (செனகல்), அபிஜான் (ஐவரி கோஸ்ட்), தேமா (கானா), லோமே (டோகோ), கொட்டோனூ (பெனின்) என்ற ஐந்து துறைமுகங்களையும் வட்டமிடுங்கள். அங்கிருந்து மூன்று தலைநகரங்களுக்கும் போகும் சாலைகளைப் பேனாவால் இழுங்கள். பமாக்கோவுக்கு அரிசியும் டீசலும் டாக்கரிலிருந்தும் அபிஜானிலிருந்தும் வருகின்றன. ஊகடூகுவுக்கு அபிஜான், தேமா, லோமே. நியாமேவுக்கு வழக்கமான வழி கொட்டோனூ, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர்.

கடைமடை விவசாயியைக் கேட்டுப் பாருங்கள், மேல்மடைக்காரனோடு எப்படிப் பழக வேண்டும் என்று ஒரு பாடமே எடுப்பார். கடல் இல்லாத நாட்டின் வெளியுறவுக் கொள்கையில் பாதி அந்தப் பாடம்தான். தலைவர்கள் மேடையில் யாரைத் திட்டினாலும், லாரி எந்த எல்லைச் சாவடி வழியாக வருகிறது என்று பாருங்கள்.

நைஜரையும் பெனினையும் எடுத்துக்கொள்வோம். 2023 ஜூலையில் நைஜரில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்ததும் பெனின் எல்லை மூடப்பட்டது. கவிழ்ப்புக்காக மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் அமைப்பு நைஜர் மேல் போட்ட தடை 2024 பிப்ரவரியில் நீங்கியபோது பெனின் தன் பக்கத்தைத் திறந்தது. நைஜர் திறக்கவில்லை. பெனின் மண்ணில் பிரெஞ்சுப் படை இருந்துகொண்டு தன்னைக் கவிழ்க்கப் பார்க்கிறது என்பது நியாமேயின் குற்றச்சாட்டு, பெனின் மறுத்தது. ஆனால் அதே நைஜரின் அகாடெம் எண்ணெய் வயலிலிருந்து பெனின் கடற்கரைக்கு, சீன அரசு நிறுவனம் போட்ட ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் குழாய் ஓடுகிறது. சரக்கு வர வேண்டாம், எண்ணெய் மட்டும் போகட்டும் என்றால் பெனின் சும்மா இருக்குமா? 2024 மே மாதத்தில் கப்பலில் எண்ணெய் ஏற்றுவதைத் தடுத்தது. அப்புறம் சீனா நடுவில் புகுந்து சமாதானம் பேசியது. இதற்கிடையே நைஜருக்கான சரக்கு லோமேயில் இறங்கி, புர்கினா பாசோவின் ஆபத்தான சாலைகள் வழியாக ராணுவக் காவலோடு சுற்றிக்கொண்டு வந்தது. எல்லை ஆற்றில் சாமானியர்கள் படகேறிக் கடந்துகொண்டிருந்தார்கள்.

இந்த ஒரு விவகாரத்தைச் சாலை சாலையாகப் புரிந்துகொண்டால், மற்ற பல விவகாரங்கள் தானாகப் புரியும். டோகோ ஏன் எல்லோரிடமும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறது என்பதும்கூட. லோமே துறைமுகத்தின் கல்லாப்பெட்டியை நினைத்துப் பாருங்கள்.

பிறகு பாசறையைப் பாருங்கள்

"தேசப் பாதுகாப்பு" என்ற சொல்லைச் செய்தியில் பார்த்ததும், யாருடைய பாதுகாப்பு என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பலவீனமான அரசுகளில் நாட்டின் பாதுகாப்பும் ஆட்சியில் இருப்பவரின் பாதுகாப்பும் ஒன்றல்ல. அதிபருக்கு எல்லைக்கு அப்பால் இருக்கும் எதிரியைவிடத் தன் மெய்க்காப்பாளன் மேல்தான் பயம் அதிகம். பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. நைஜரில் தேர்தலில் வென்று வந்த அதிபர் முகமது பசூமை 2023 ஜூலை 26 அன்று பிடித்து வைத்தவர், அவருடைய காவல் படைத் தலைவர் அப்துர்ரஹ்மான் சியானி.

மாலியில் பமாக்கோவுக்குப் பக்கத்தில் காட்டி என்று ஒரு பாசறை நகரம். 2012 கவிழ்ப்பும் அங்கேதான் தொடங்கியது, 2020 கவிழ்ப்பும் அங்கேதான். 2012இல் நடந்தது இது: லிபியாவில் கடாபி வீழ்ந்ததும், அங்கே போராடிய துவாரெக் (சஹாராவின் நாடோடி இனம்) வீரர்கள் ஆயுதங்களோடு வடக்கு மாலிக்குத் திரும்பித் தனிநாடு கேட்டுக் கிளம்பினார்கள். போதிய ஆயுதமில்லாமல் அவர்களிடம் அடி வாங்கிய மாலிச் சிப்பாய்களின் கோபம் தலைநகரத்து அரசின் மேல் திரும்பியது. கவிழ்ப்பில் கிடைத்த இடைவெளியில் வடக்கு முழுவதும் கைவிட்டுப் போனது. முதலில் துவாரெக் இயக்கம், சில மாதங்களிலேயே அவர்களை ஓரங்கட்டிவிட்டு அல்கொய்தா சார்புக் குழுக்கள். 2013 ஜனவரியில் பிரான்ஸ் படையோடு வந்து இறங்கியதன் பின்கதை இதுதான்.

புர்கினா பாசோவில் இந்தத் தொடர்பு இன்னும் அப்பட்டம். 2021 நவம்பரில் இனாத்தா என்ற ஊரின் ராணுவச் சாவடி தாக்கப்பட்டு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உணவு வந்து சேராமல் அந்தச் சாவடி வீரர்கள் வேட்டையாடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த செய்தி வெளியே வந்ததும் படை கொதித்தது. இரண்டு மாதத்தில் கவிழ்ப்பு. அப்படி ஆட்சிக்கு வந்தவர் ராணுவ அதிகாரி டமிபா. 2022 செப்டம்பர் 26 அன்று ஜிபோ நகருக்கு உணவு கொண்டுபோன வாகன அணி வழியில் தாக்கப்பட்டது. நான்கே நாளில் டமிபாவும் போனார், கேப்டன் இப்ராஹிம் திராவோரே வந்தார். மறுபடியும் சாலை, மறுபடியும் சோறு.

இதை மனதில் வைத்துக்கொண்டு ரஷ்யா ஏன் வந்தது என்று யோசியுங்கள். "பிரான்ஸ் எதிர்ப்பு" என்ற விளக்கத்தில் உண்மை இருக்கிறது. காலனி ஆட்சியின் நினைவும், ஒன்பது ஆண்டுகள் பிரெஞ்சுப் படை இருந்தும் வன்முறை பெருகியதே என்ற கோபமும் நிஜம். ஆனால் அது பாதி விளக்கம்தான் என்பது என் கணக்கு. துப்பாக்கியோடு ஆட்சிக்கு வந்தவர்களுக்கு, தேர்தல் எப்போது என்று கேட்காத ஒரு துணை தேவைப்பட்டது. 2021 டிசம்பரில் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை மாலிக்கு வந்தது. 2025 ஜூனில் அது கிளம்ப, ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆப்பிரிக்கா கோர் இடத்தைப் பிடித்தது. பலகை மாறியதே தவிர, கடை அதேதான்.

ஊர்விலக்கும் பங்காளிச் சண்டையும்

அமைப்புகளின் சுருக்கப் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். ஆரம்பத்தில் மூன்று போதும்.

எகோவாஸ் என்பது மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகம். 1975இல் லாகோஸில் பிறந்தது, 2025 ஜனவரி வரை 15 உறுப்பினர்கள், தலைமையகம் அபுஜா. நடைமுறையில் நைஜீரியா வைத்ததுதான் சட்டம். பெயரில் பொருளாதாரம் இருந்தாலும் 1990இலேயே லைபீரிய உள்நாட்டுப் போருக்குள் படை அனுப்பிய அமைப்பு. யாராவது ஆட்சியைக் கவிழ்த்தால் ஊர்விலக்கு வைப்பது அதன் வழக்கம்: எல்லை மூடல், வங்கிக் கணக்கு முடக்கம், கொடுக்கல் வாங்கல் நிறுத்தம்.

இரண்டாவது, சாஹேல் நாடுகளின் கூட்டணி. பிரெஞ்சு எழுத்துகளில் ஏ.ஈ.எஸ். மாலி, புர்கினா, நைஜர் மூன்றும் 2023 செப்டம்பர் 16 அன்று கையெழுத்திட்டுத் தொடங்கியது. ஒருவரைத் தாக்கினால் மூவரையும் தாக்கியதாக அர்த்தம் என்பது ஒப்பந்தத்தின் சாரம். 2024 ஜூலையில் தங்களைக் கூட்டமைப்பு (கான்ஃபெடரேஷன்) என்று அறிவித்துக்கொண்டார்கள். 2025 ஜனவரி 29 அன்று எகோவாஸிலிருந்து முறைப்படி வெளியேறினார்கள். (இன்று அண்ணன் தம்பி என்று கைகோத்து நிற்கும் மாலியும் புர்கினாவும் 1985 டிசம்பரில் அகாஷேர் என்ற வறண்ட நிலத்துண்டுக்காகச் சண்டை போட்டவர்கள். சர்வதேச நீதிமன்றம் பாகம் பிரித்துக் கொடுத்தது.)

மூன்றாவது, பொது நாணயம் வைத்திருக்கும் எட்டு நாடுகளின் ஒன்றியம். மத்திய வங்கி டாக்கரில் இருக்கிறது. நாணயம் சி.எஃப்.ஏ. பிராங்க், ஒரு யூரோவுக்கு 655.957 என்று மதிப்பு கட்டப்பட்டிருக்கிறது. எகோவாஸை விட்டு வீராவேசமாக வெளியேறிய மூவரும் இந்த நாணய ஒன்றியத்தை விடவில்லை. 2022 ஜனவரியில் மாலிக்குத் தடை போட்டபோது அதன் கணக்கை இந்த வங்கிதான் முடக்கியது, மாலியால் கடன் தவணையைக் கட்ட முடியவில்லை. அப்படிப்பட்ட கயிற்றை ஏன் இன்னும் கழுத்தில் வைத்திருக்கிறார்கள்? மேடைப் பேச்சுக்கும் கஜானாவுக்கும் உள்ள இடைவெளி அங்கே தெரிகிறது. இந்தச் செய்தி வரும்போதெல்லாம் நோட்டில் தனியாகக் குறித்து வையுங்கள்.

பயிற்சிக்கு ஒரு வாரம்: 2023 ஜூலை 30 முதல்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். நானே தப்புக் கணக்குப் போட்ட இடம் இது.

நைஜர் கவிழ்ப்பு நடந்த நான்காம் நாள், ஜூலை 30 அன்று, எகோவாஸ் தலைவர்கள் அபுஜாவில் கூடி, ஒரு வாரத்தில் பசூமை மீண்டும் பதவியில் அமர்த்தாவிட்டால் படை பாயலாம் என்று கெடு வைத்தார்கள். அமைப்பின் தலைமைப் பொறுப்பு மூன்று வாரங்களுக்கு முன்தான் நைஜீரிய அதிபர் போலா தினுபுவிடம் வந்திருந்தது. நைஜருக்குப் போகும் மின்சாரத்தை நைஜீரியா துண்டித்தது; நைஜரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. போர் நிச்சயம் என்று நான் நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன்.

எதைப் பார்க்கத் தவறினேன்? மூன்று விஷயங்கள். ஜூலை 31 அன்றே மாலியும் புர்கினாவும், நைஜர் மேல் கைவைத்தால் எங்கள் மேல் போர் தொடுத்ததாக அர்த்தம் என்று அறிக்கை விட்டன. நான் அதை வாய்ச்சவடால் என்று தள்ளினேன். அடுத்தது எல்லை. நைஜீரியாவுக்கும் நைஜருக்கும் இடையே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் எல்லை, அதை ஒட்டி நைஜீரியாவின் ஏழு வட மாநிலங்கள். இரண்டு பக்கமும் ஹவுசா மொழி பேசும் ஒரே சனம், ஒரே சந்தை, கொண்டான் கொடுத்தான் உறவு. அந்த மாநிலங்களின் ஓட்டை நம்பி இருப்பவர்கள் அங்கே குண்டு போடச் சம்மதிப்பார்களா? நைஜீரிய செனட் ஆகஸ்ட் 5 அன்று, பேச்சுவார்த்தையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டது. மூன்றாவது, நைஜீரிய ராணுவம் சொந்த நாட்டிலேயே வடகிழக்கில் போகோ ஹராம் வழிவந்த குழுக்களோடும் வடமேற்கில் கொள்ளைக் கூட்டங்களோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. தன் வீட்டுக் கூரை எரிகிறபோது அடுத்த வீட்டுக்குப் படை அனுப்ப யாருக்குத் துணிவு வரும்?

கெடு ஆகஸ்ட் 6 அன்று முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. 2024 பிப்ரவரியில் தடையின் பெரும்பகுதியை எகோவாஸே நீக்கியது. பசூம் 2025 இறுதியிலும் காவலில்தான் இருந்தார்.

அதற்காக எகோவாஸ் பல்லில்லாத பாம்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2017 ஜனவரியில் காம்பியாவில், தேர்தலில் தோற்றும் நாற்காலியை விடாத யாஹ்யா ஜாமேவை எகோவாஸ் படை உள்ளே நுழைந்து சில நாளில் கிளம்ப வைத்தது. மூன்று பக்கமும் செனகல் சூழ்ந்த குட்டி நாடு, சின்னப் படை, வென்றவர் டாக்கரில் பதவியேற்றுத் தயாராக நிற்கிறார். 2025 டிசம்பர் 7 அன்று பெனினில் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோதும் நைஜீரிய விமானங்கள் உடனே வந்தன. அங்கே அதிபர் கையில் இன்னும் ஆட்சி இருந்தது, அவரே கூப்பிட்டார். ஆக, இனி எங்காவது கவிழ்ப்புச் செய்தி வந்தால் முதலில் மூன்றைத் தேடுங்கள்: அதிபர் யார் கையில் இருக்கிறார், ராணுவம் பிளந்திருக்கிறதா, பக்கத்தில் யாருடைய எல்லை. அறிக்கைகளைப் பிறகு படிக்கலாம்.

ஆயுதக் குழுவையும் ஒரு தரப்பாகக் கணக்கில் எடுங்கள்

நமக்குப் பழக்கப்பட்ட வெளியுறவுச் செய்தியில் அரசுகள்தான் பாத்திரங்கள். இங்கே அப்படி இல்லை. 2017 மார்ச்சில் பல குழுக்கள் சேர்ந்து, துவாரெக் தலைவர் இயாத் அக் காலியின் தலைமையில் ஜே.என்.ஐ.எம். என்ற அல்கொய்தா சார்பு அமைப்பானது. அதற்குப் போட்டியாக இஸ்லாமிய அரசு (ஐ.எஸ்.) அமைப்பின் சாஹேல் கிளை. ஜே.என்.ஐ.எம். வரி வசூலிக்கிறது, தகராறு தீர்க்கிறது, கிராமங்களோடு ஒப்பந்தம் போடுகிறது.

2025 செப்டம்பரில் அது மாலியில் எடுத்த வழியைப் பாருங்கள். செனகல், ஐவரி கோஸ்ட் பக்கமிருந்து வரும் டாங்கர் லாரிகளைக் கொளுத்தியது. கோட்டையை முற்றுகையிடவில்லை, பெட்ரோல் பங்க்கை முற்றுகையிட்டது. அக்டோபர் கடைசியில் பமாக்கோவில் வரிசைகள் தெருத்தெருவாக நீண்டன. நாடு முழுவதும் பள்ளிகளையும் கல்லூரிகளையும் இரண்டு வாரம் மூடினார்கள். அமெரிக்கா தன் குடிமக்களைக் கிளம்பச் சொன்னது. நீங்கள் முதலில் வரைபடத்தில் இழுத்த கோடுகளை அந்தக் குழுவும் இழுத்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். டாக்கர் சாலையில் இருக்கும் காயெஸ் பகுதியில்தான் 2025 ஜூலையில் சிமெண்ட் ஆலை ஒன்றில் மூன்று இந்தியர்கள் கடத்தப்பட்டார்கள் என்பதையும் அந்தக் கோட்டின் மேல் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வல்லரசுகளை இத்தனை தூரம் கழித்துச் சொல்வதும் தெரிந்தேதான். பெரும்பாலானவர்கள் அங்கிருந்து தொடங்கி, சாஹேலை ரஷ்யா-பிரான்ஸ் சதுரங்கமாகவே பார்த்து முடிக்கிறார்கள். துருக்கியின் பைரக்தார் ட்ரோன்கள், சீனாவின் எண்ணெய்க் குழாய், 2024இல் அமெரிக்கா விட்டுக் கிளம்பிய நைஜரின் அகாடெஸ் ராணுவத் தளம் எல்லாம் உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டு அல்ஜீரியாவைக் கவனிக்காமல் மாலியைப் புரிந்துகொள்ள முடியாது. 2015இல் துவாரெக் குழுக்களோடு மாலி செய்த சமாதான ஒப்பந்தத்துக்கு நடுவர் அல்ஜீரியா. அந்த ஒப்பந்தத்தை 2024 ஜனவரியில் மாலி தூக்கி எறிந்தது. 2025 ஏப்ரல் முதல் நாளை ஒட்டி எல்லையில் மாலியின் ட்ரோன் ஒன்றை அல்ஜீரியா சுட்டு வீழ்த்தியதும் மூன்று கூட்டணி நாடுகளும் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன.

எண்ணிக்கையைப் பென்சிலால் எழுதுங்கள்

2022 மார்ச்சில் மத்திய மாலியில் மூரா என்ற ஊரில், 203 பயங்கரவாதிகளைக் கொன்றோம் என்று ராணுவம் சொன்னது. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில் குறைந்தது 500 பேர் கொல்லப்பட்டதாகவும், பெரும்பாலோர் பொதுமக்கள் என்றும் சொன்னது. இந்த வித்தியாசத்தை எப்போதும் நினைவில் வையுங்கள். எண்ணை எழுதும்போது பக்கத்தில் யார் சொன்னது, எத்தனை நாள் கழித்துச் சொன்னது என்றும் எழுதுங்கள். மூன்று நாடுகளும் பிரான்சின் ஆர்.எஃப்.ஐ. வானொலியை நிறுத்தியிருக்கின்றன, உள்ளூர்ச் செய்தியாளர்கள் பலர் பயந்துதான் எழுதுகிறார்கள். ஆகவே முதல் நாள் எண்ணிக்கை எதையும் நம்பிப் பகிராதீர்கள். திராவோரேயைப் புகழ்ந்து யூடியூபில் வரும் பாட்டுகளில் பல செயற்கை நுண்ணறிவு செய்தவை, அவற்றைச் செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நோட்டு எப்படி வைப்பது? ஒரு பக்கத்துக்கு ஒரு சாலை. டாக்கர்–பமாக்கோ ஒரு பக்கம், கொட்டோனூ–நியாமே ஒரு பக்கம், இப்படி. மாதம் ஒருமுறை அந்தச் சாலையில் என்ன நடந்தது, எந்தச் சாவடி திறந்தது, யார் லாரி எரிந்தது என்று இரண்டு வரி போதும். நாடு வாரியாக வைத்த என் பழைய நோட்டு ஆறே மாதத்தில் அறிக்கைகளின் குப்பைக் கூடையானது. சாலை வாரியாக வைத்ததுதான் நிற்கிறது.

கடைசியாக, இதைப் படிப்பவர் வீட்டில் யாருக்காவது மாலியிலோ நைஜரிலோ புர்கினாவிலோ வேலை என்று ஏஜென்ட் சொல்லியிருந்தால், சம்பளம் பேசும் முன் ஊர் பேரைக் கேளுங்கள். "பமாக்கோ" என்பார். ஆபீஸ் இருப்பது அங்கேயா, வேலை நடப்பது அங்கேயா என்று இன்னொரு முறை கேளுங்கள். வேலை நடக்கும் ஊரின் பெயரை எழுதி வாங்கி, வரைபடத்தில் எந்தச் சாலையில் இருக்கிறது என்று பாருங்கள். தினமும் எந்த வண்டியில், யார் காவலில் போய் வருவார்கள் என்றும் கேளுங்கள். மூன்று தலைநகரங்களிலும் இந்தியத் தூதரகம் இருக்கிறது; போய் இறங்கிய வாரமே பெயரைப் பதிந்து, அந்த எண்ணை வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள்.